கிருமி எங்கே குடியிருக்கிறது? நோயெதிர்ப்பியல் படிக்கத் தொடங்கும் மாணவர்களுக்கு ஒரு வழி

எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டில் மைக்ரோபயாலஜி தொடங்கும்போது பெரும்பாலானவர்கள் திணறும் இடம் இம்யூனாலஜி. பாக்டீரியாவுக்காவது ஒரு முகம் இருக்கிறது, நோயாளி இருக்கிறார், மருந்து இருக்கிறது. இம்யூனாலஜியில் முதல் வாரமே ஐ.எல்.-1, ஐ.எல்.-2, சி.டி.4, சி.டி.8 என்று எழுத்தும் எண்ணுமாக வந்து குவிகின்றன. நான் அவற்றை உருப்போட்டுத்தான் தேர்வு எழுதினேன், மதிப்பெண்ணும் வந்தது. அப்புறம் வார்டில் முதல் காய்ச்சல் நோயாளியின் கட்டிலருகே நின்றபோது அதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

இப்போது ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். செல்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு நோயைத் தேடாமல், ஒரு நோயை எடுத்துக்கொண்டு அதன் வழியில் எந்தச் செல் எதிர்ப்படுகிறதோ அதை மட்டும் படிப்பது. கூடவே ஒரே ஒரு கேள்வி: இந்தக் கிருமி உடலில் எங்கே குடியிருக்கிறது? அதற்குப் பதில் தெரிந்தால் எந்தப் படை வரும், எந்தச் சோதனை பயன்படும், எந்த மருந்து எட்டும் என்பது ஏறக்குறைய தானாகவே விளங்கும்.

முதல் படி: காலில் குத்திய முள்

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, வெறுங்காலில் முள் குத்திய ஒரு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். முள்ளோடு தோலில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும் உள்ளே போகிறது. சில மணி நேரத்தில் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி வலிக்கிறது. ரோமில் செல்சஸ் 2000 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த நான்கு அடையாளங்கள் இவைதாம். ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதிப் பாருங்கள். ரத்தக் குழாய் விரிவதால் சிவப்பும் சூடும். குழாயின் சுவர் தளர்ந்து பிளாஸ்மா வெளியே கசிவதால் வீக்கம். பிராஸ்டகிளாண்டினும் பிராடிகைனினும் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் வலி.

யார் தகவல் கொடுத்தது? திசுவிலேயே வசிக்கும், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல். அதற்கு வந்திருப்பது இன்ன கிருமி என்று தெரியாது. ஆனால் பாக்டீரியாக்களுக்குப் பொதுவாக இருக்கும், நம் உடலில் இல்லாத சில மூலக்கூறுகளை அதன் டோல் போன்ற ஏற்பிகள் அடையாளம் காண்கின்றன. உடனே டி.என்.எஃப்., ஐ.எல்.-1, ஐ.எல்.-6 என்ற சைட்டோகைன்கள், அதாவது செல்கள் அனுப்பும் செய்தி மூலக்கூறுகள், வெளியாகின்றன. பக்கத்து ரத்தக் குழாயிலிருந்து நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் இறங்கி வந்து கிருமியை விழுங்கி, தாங்களும் செத்துப்போகின்றன. சீழ் என்பது பெரும்பாலும் அந்தச் செத்த நியூட்ரோஃபில்கள்தான். அதே மூன்று சைட்டோகைன்களும் மூளையின் ஹைப்போதலாமஸுக்குப் போனால் காய்ச்சல், கல்லீரலுக்குப் போனால் சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதத்தின் உயர்வு. இப்படிப் படித்தால் ஐ.எல்.-6 வெறும் எண்ணாக இருக்காது. நாளை லேப் ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி.யைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வரும்.

இந்தத் துறையின் தொடக்கத்திலும் ஒரு முள் இருக்கிறது. 1882-இல் இத்தாலியின் மெசினாவில் எலீ மெச்னிகாஃப் கண்ணாடி போன்ற நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முட்களைக் குத்திவைத்து, மறுநாள் காலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்திருந்தன. விழுங்கும் செல்கள்தாம் உடலைக் காக்கின்றன என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. 1908-இல் பால் எர்லிக்கோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முள் குத்தி இரண்டு நாள் ஆனதும் நம் ஊர்ப் பாட்டி ஒரு கேள்வி கேட்பார்: “நெறி கட்டியிருக்கா?” புண் பாதத்தில், அவர் கை வைப்பது தொடையிடுக்கில். பாடப் புத்தகத்தின் ஒரு முழு அதிகாரம் அந்தக் கை வைப்பில் இருக்கிறது. புண்ணில் இருந்த டென்ட்ரிடிக் செல் கிருமியின் துண்டுகளைச் சுமந்துகொண்டு நிணநீர்க் குழாய் வழியாக, நெறி என்று பாட்டி சொல்லும் நிணநீர் முடிச்சுக்குப் போகிறது. அங்கே டி செல் என்ற வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு டி செல்லும் ஒரே ஒரு ஆன்டிஜெனைத்தான், அதாவது கிருமியின் ஒரு துண்டைத்தான், அடையாளம் காணும். குறிப்பிட்ட ஒரு துண்டுக்குப் பொருந்தும் டி செல், லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். உடல் முழுக்க அதைத் தேட முடியாது. அதனால்தான் இரு தரப்பும் வாரச் சந்தையைப்போல நிணநீர் முடிச்சில் கூடுகின்றன. பொருந்தும் செல் கிடைத்ததும் அது பெருகத் தொடங்குகிறது, முடிச்சு வீங்குகிறது. இந்தப் பெருக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பிறவிக் காப்பு மணிக்கணக்கில் வருகிறது, கற்றுக்கொண்ட காப்பு நாட்கணக்கில் வருகிறது என்ற வேறுபாட்டை இந்த ஒரு முள்ளிலேயே பார்த்துவிடலாம்.

இதைப் படித்த அன்றே உடலின் எந்தப் பகுதி எந்த நெறிக்கு வடிகிறது என்று உங்கள் மேலேயே தொட்டுப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள். பாதத்தின் பெரும்பகுதி தொடையிடுக்குக்கு, குதிகாலின் வெளிப்பக்கம் முழங்கால் மடிப்புக்குப் பின்னால், கையும் மார்பும் அக்குளுக்கு. இதன் பயன் கடைசியில் வரும்.

இரண்டாம் படி: விலாசம் கேட்பது

கிருமிகளைக் கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று பிரிப்பதோடு, விலாசத்தை வைத்தும் ஒருமுறை பிரித்துக்கொள்ளுங்கள்.

செல்லுக்கு வெளியே, ரத்தத்திலும் திசு நீரிலும் இருப்பவை: நிமோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்றவை. இவற்றை பி செல்கள் உருவாக்கும் ஆன்டிபாடி என்ற புரதமும், ரத்தத்திலேயே இருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் பிடித்துக் கொடுக்க, நியூட்ரோஃபில் விழுங்கும். மேக்ரோஃபேஜுக்குள்ளேயே ஒரு பையில் ஒளிந்திருப்பவை: காசநோய், தொழுநோய், டைபாய்டு கிருமிகள். ஆன்டிபாடி செல்லுக்குள் நுழைய முடியாது. அந்த மேக்ரோஃபேஜையே உசுப்பிவிட வேண்டும், அதற்கு மற்றச் செல்களுக்கு உதவும் சி.டி.4 டி செல்லும், அது சுரக்கும் இன்டர்ஃபெரான் காமாவும் வேண்டும். மூன்றாவது வகை, செல்லின் சைட்டோபிளாசத்தில் தங்கள் நகலை எடுத்துக்கொண்டிருக்கும் வைரஸ்கள். அங்கே செல்லைக் காப்பாற்ற வழியில்லை, கொல்லும் வேலையுள்ள சி.டி.8 டி செல்லும் என்.கே. செல்லும் வந்து அந்தச் செல்லையே கொன்றுவிடும். ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போகும் வழியில் மட்டும் வைரஸ் ஆன்டிபாடியிடம் சிக்கும். குடற்புழு, ஃபைலேரியா போன்றவற்றை எந்தச் செல்லாலும் விழுங்க முடியாது. அவற்றுக்கு ஐ.ஜி.இ. வகை ஆன்டிபாடியும் ஈயோசினோஃபில் என்ற வெள்ளை அணுவும்.

இந்த நான்கும் மனதில் நின்றால் சி.டி.4 செல்லில் மேக்ரோஃபேஜை உசுப்பும் டி.எச்.1, புழுவுக்கு எதிரான டி.எச்.2 என்ற பிரிவுகள் எதற்காக இருக்கின்றன என்ற குழப்பம் போய்விடும்.

மூன்றாம் படி: டெங்கு, நாள் எண்ணிக் கற்பது

ஆன்டிபாடியைப் படிக்க டெங்குவைவிட நல்ல நோய் நம் ஊரில் இல்லை. நோட்டில் ஒரு கோடு போட்டுப் பத்துக் கட்டங்களாகப் பிரியுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாள் முதல் கட்டம். 1-இலிருந்து ஏறக்குறைய 5 வரை என்.எஸ்.1 என்று எழுதுங்கள். அது வைரஸின் சொந்தப் புரதம், வைரஸ் இருக்கும்போதே ரத்தத்தில் தெரியும். 4 அல்லது 5-இலிருந்து ஐ.ஜி.எம். என்ற முதலில் வரும் ஆன்டிபாடி. ஐ.ஜி.ஜி. என்ற அடுத்த வகை, முதல் தடவை டெங்கு என்றால் ஒரு வாரத்துக்குப் பிறகு மெல்ல வரும். இரண்டாம் தடவை என்றால் முன்பே கற்றுவைத்த நினைவுச் செல்கள் இருப்பதால் சில நாட்களிலேயே மளமளவென்று ஏறும், ஐ.ஜி.எம். குறைவாகவோ தெரியாமலோகூடப் போகலாம். முதல்நிலை எதிர்வினை, இரண்டாம்நிலை எதிர்வினை என்று புத்தகத்தில் இருக்கும் அந்த வளைகோட்டுப் படம் இதுதான்.

இந்தக் கோட்டை நோட்டோடு விட்டுவிடாதீர்கள். இரண்டாம் நாளில் எடுத்த ஐ.ஜி.எம். நெகட்டிவ் என்ற தாளை நம்பி, டெங்கு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு பையனை நான் பயிற்சிக் காலத்தில் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது என்று அம்மா நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் கை கால் சில்லிட்டிருந்தது, வயிற்று வலியில் சுருண்டு படுத்திருந்தான். உடனே திரவம் ஏற்றப்பட்டதால் பிழைத்தான். சோதனையில் தவறில்லை, அது எடுக்கப்பட்ட நாள் தவறு.

அதனால் நாள் கணக்கைச் சரியாகக் கேட்கப் பழகுங்கள். “எத்தனை நாளாகக் காய்ச்சல்?” என்றால் “ஒரு நாலஞ்சு நாளா” என்றுதான் பதில் வரும். “ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது காய்ச்சல் இருந்ததா? சனிக்கிழமை பள்ளிக்கூடம் போனானா?” என்று கேளுங்கள். நாள் பிடிபட்டுவிடும்.

டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போது, 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள் வருகிறது. வைரஸ் குறைந்துகொண்டிருக்கும் வேளையில் ரத்தக் குழாய்ச் சுவர் தளர்ந்து பிளாஸ்மா கசிகிறது. கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அப்படியென்றால் கெடுதல் செய்வது வைரஸ் மட்டுமில்லை, அதை எதிர்க்கும் நம் படையும்தான். உறவினர்கள் பிளேட்லெட் எவ்வளவு என்றே கேட்பார்கள். நீங்கள் பி.சி.வி.யையும், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கையும், சேர்த்துப் பாருங்கள். பிளாஸ்மா வெளியேறினால் ரத்தம் கெட்டியாகி பி.சி.வி. ஏறும். 20 சதவீத ஏற்றம் கசிவுக்கு அடையாளம். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், சோர்வு அல்லது அமைதியின்மை, கல்லீரல் வீக்கம் ஆகிய எச்சரிக்கைக் குறிகளை ஒவ்வொரு ரவுண்டிலும் கேட்க வேண்டும்.

இரண்டாம் தடவை டெங்கு ஏன் மோசமாகலாம்? வைரஸில் நான்கு வகைகள். முதல் வகைக்கு எதிராக உருவான ஆன்டிபாடி இரண்டாம் வகையை ஒட்டும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. ஒட்டிய ஆன்டிபாடியின் வால் பகுதியை மானோசைட் என்ற வெள்ளை அணுவின் எஃப்.சி. ஏற்பி பிடித்து, வைரஸையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. வைரஸ் தானாக நுழைவதைவிட இப்படி நுழைவது எளிது. தாயிடமிருந்து வந்த ஐ.ஜி.ஜி. குறைந்துவரும் 6 முதல் 12 மாதக் குழந்தைக்கு முதல் டெங்குவே கடுமையாக வரக்கூடும் என்பதும் இதே காரணத்தால்தான். பிலிப்பைன்ஸில் 2016-இலிருந்து 8 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்கு டெங்வாக்ஸியா தடுப்பூசி போடப்பட்டது. அதற்கு முன் டெங்கு வராதவர்களுக்கு அந்த ஊசி கடுமையான நோயின் ஆபத்தைக் கூட்டலாம் என்று 2017 நவம்பரில் தயாரிப்பாளரே அறிவித்தார். உடல் அந்த ஊசியை முதல் டெங்குவாக எடுத்துக்கொண்டது. எல்லா ஆன்டிபாடியும் காப்பு என்று நினைத்துப் படிப்பவர்கள் இந்தச் செய்தியிடம் ஒருமுறை நின்று போக வேண்டும்.

நான்காம் படி: காசநோய், இதில் அவசரப்படாதீர்கள்

ஒரே ஒரு நோயை வைத்து முழு இம்யூனாலஜியையும் படிக்கச் சொன்னால் நான் காசநோயைத்தான் எடுப்பேன். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் இந்தக் கிருமியை அறிவித்தார். ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும், இது இரட்டிப்பாக ஏறக்குறைய 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இதன் ஆயுதம் வேகம் இல்லை, விலாசம். நுரையீரல் காற்றறையில் இருக்கும் மேக்ரோஃபேஜ் இதை விழுங்குகிறது. விழுங்கிய பை, செரிக்கும் நொதிகள் உள்ள லைசோசோமோடு சேர்ந்தால் கிருமி செத்துவிடும். அந்தச் சேர்க்கையைக் கிருமி தடுத்துவிட்டு, கொல்ல வந்த செல்லுக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறது.

டென்ட்ரிடிக் செல் துண்டுகளோடு நிணநீர் முடிச்சுக்குப் போகிறது. ஐ.எல்.-12 கிடைத்த சி.டி.4 செல் டி.எச்.1 ஆகிறது, நுரையீரலுக்குத் திரும்பி இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கிறது. மந்தமாக இருந்த மேக்ரோஃபேஜ் இப்போது விழித்துக்கொள்கிறது. முழுதாகக் கொல்ல முடியாதபோது சுற்றி வளைத்துச் சுவர் கட்டுகிறார்கள். அதுதான் கிரானுலோமா. நடுவில் வெண்ணிறக் கட்டியாக மடிந்த திசு, சுற்றிலும் எபிதீலாய்டு செல்கள், லாங்ஹான்ஸ் பெருஞ்செல்கள், அதற்கு வெளியே லிம்ஃபோசைட்கள். பேத்தாலஜி வகுப்பில் இந்த ஸ்லைடைப் பார்க்கும்போது பெயர்களை மட்டும் சொல்லாமல் யார் எதற்காக நிற்கிறார்கள் என்று உங்களுக்குள் சொல்லிப் பாருங்கள். அந்தச் சுவரை நிற்கவைப்பதில் டி.என்.எஃப்.புக்குப் பெரிய பங்கு உண்டு. மூட்டுவாத நோயாளிக்கு, டி.என்.எஃப்.பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தைக் கொடுப்பதற்கு முன் காசநோய்ச் சோதனை செய்வது ஏன் என்று இனி யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காசநோய்த் தொற்றை அறியும் மாண்டூ சோதனை இந்தக் கதையைத் தோலில் நடத்திக் காட்டுகிறது. முன்கையில் 0.1 மி.லி. டியூபர்குலினை (காசநோய்க் கிருமியின் புரதம்) தோலுக்குள்ளேயே போட வேண்டும், ஊசியேறிய இடம் சிறு கொப்புளம்போல எழும்ப வேண்டும். 48 முதல் 72 மணி நேரம் கழித்துப் பார்ப்பது. ஏன் அவ்வளவு நேரம்? நினைவு டி செல்கள் அங்கே வந்து மேக்ரோஃபேஜ்களை வரவழைக்க அவ்வளவு நேரமாகும். அளக்க வேண்டியது தடிப்பை. சிவப்பை அளக்கக் கூடாது. நான் முதல்முறை சிவப்பை அளந்து 18 மி.மீ. என்று எழுதினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த மேடம் என் விரலைப் பிடித்து நோயாளியின் கைமேல் வைத்துக் கண்ணை மூடச் சொன்னார், தடிப்பு 8-க்கு மேல் இல்லை. அவர் காட்டிய முறை இது: பால்பாயின்ட் பேனாவை வெளிப்புறத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல இழுங்கள், தடிப்பின் விளிம்பில் முனை தானாக நிற்கும். எதிர்ப்பக்கமும் அப்படியே. இரண்டு புள்ளிகளுக்கும் இடையே, கையின் குறுக்காக அளங்கள். பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவருக்கும் பாசிட்டிவ் வரலாம் என்பது இதன் குறை. ரத்தத்தில் செய்யும் இக்ரா சோதனை, பி.சி.ஜி.யில் இல்லாத ஆன்டிஜென்களைக் காட்டி டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா சுரக்கின்றனவா என்று பார்க்கிறது.

பி.சி.ஜி. பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சு ஆய்வாளர்கள் கால்மெட், கெரான் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை 230 தடவை மாற்றி வளர்த்து வீரியம் இழக்கச் செய்தார்கள். 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வில் அது பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகையையும் உடலெங்கும் பரவும் மிலியரி வகையையும் தடுப்பதால்தான் பிறந்தவுடன் போடுகிறோம். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்தவர்களும், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்ட ஏழை நோயாளிகளும் ஏறக்குறைய ஒரேபோலக் குணமானார்கள் என்று 1959-இல் அது காட்டியது. உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவம் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

தொழுநோயையும் இதே மூச்சில் படித்துவிடுங்கள். எல்லாத் தொழுநோயாளிகளுக்கும் கிருமி ஒன்றுதான். டி.எச்.1 பலமாக இருப்பவருக்கு உணர்ச்சியற்ற ஓரிரு தேமல், கிருமியைத் தேடினாலும் கிடைக்காது. அது பலவீனமானவருக்கு உடலெங்கும் முடிச்சுகள், ஸ்லைடு நிறையக் கிருமி. ஆன்டிபாடி அவரிடம் ஏராளமாக இருந்தும் பயனில்லை.

ஐந்தாம் படி: ஒன்றை எடுத்துவிட்டுப் பார்ப்பது

ஒரு செல்லின் வேலையைப் புரிந்துகொள்ள நல்ல வழி, அது இல்லாத நோயாளியைப் படிப்பது. சி.டி.4-ஐ எடுத்துவிடுங்கள். அதுதான் எச்.ஐ.வி. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டுபிடிக்கப்பட்டது. 1928-இல் காசநோய்க்காகத் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் பிற்காலத்தில் எச்.ஐ.வி. நோயாளிகளின் பெரிய புகலிடமானது தற்செயல் இல்லை. ஒளிந்திருந்த காசநோய் வாழ்நாள் முழுவதிலும் வெளிப்படும் வாய்ப்பு மற்றவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம். சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஏறக்குறைய அதே வாய்ப்பு ஒரே ஆண்டில் வந்துவிடுகிறது. சுவர் கட்ட ஆளில்லாததால் எக்ஸ்ரேயில் குழி தெரியாமல் போகலாம், சளியில் கிருமி குறைவாக இருக்கலாம், மாண்டூ பூஜ்யமாக இருக்கலாம்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். நியூட்ரோஃபிலுக்குக் கொல்லும் நொதி இல்லையென்றால் கேட்டலேஸ் நொதி உள்ள ஸ்டாஃபிலோகாக்கஸும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையும் திரும்பத் திரும்ப வரும். பி செல் இல்லாத ஆண் குழந்தை, தாயின் ஐ.ஜி.ஜி. தீர்ந்துபோகும் ஆறு மாதத்துக்குப் பிறகு நிமோனியாவோடு வரும். காம்ப்ளிமென்டின் கடைசிப் பகுதிகள் இல்லையென்றால் நைசீரியா பாக்டீரியா. மண்ணீரலை எடுத்தவருக்கு நிமோகாக்கஸ், அதனால் திட்டமிட்ட அறுவைசிகிச்சை என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே தடுப்பூசி.

ஆறாம் படி: ஒரு நோய்க்கு ஒரு பக்கம், அப்புறம் வார்டு

இனி எந்தத் தொற்றுநோயைப் படித்தாலும் நோட்டில் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். எந்த வாசல் வழியாக வந்தது, எங்கே குடியிருக்கிறது, யார் எதிர்க்கிறார்கள், கிருமி எப்படித் தப்பிக்கிறது, எந்த நாளில் எந்தச் சோதனை, எந்த மருந்து அந்த இடத்தை எட்டும். புத்தகத்தைப் பார்க்காமல் எழுதுங்கள், தெரியாத வரியைக் காலியாக விட்டு, பிறகு பார்த்து நிரப்புங்கள். அந்தக் காலி வரிகள்தான் நீங்கள் படிக்க வேண்டியவை. வாரத்துக்கு இரண்டு நோய் போதும்.

பிறகு அந்தப் பக்கத்தோடு வார்டுக்குப் போங்கள். ஒரு வாரக் காய்ச்சலோடு படுத்திருக்கும் ஒரு விவசாயக் கூலிப் பெண்மணியை எடுத்துக்கொள்வோம். தலைவலி, பிளேட்லெட் குறைவு, டெங்கு நெகட்டிவ், செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் போட்டு மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. தொட்டுப் பார்க்கும்போது இடது அக்குளில் மட்டும் ஒரு நெறி, அழுத்தினால் வலிக்கிறது. பாட்டி பாதத்தின் முள்ளுக்குத் தொடையிடுக்கைத் தொட்டார். நீங்கள் திருப்பிப் போங்கள்: அக்குளில் நெறி இருந்தால் வாசல் எங்கே? இடது கை, தோள், மார்பு, முதுகின் மேற்பகுதி. பெண் மருத்துவரோ செவிலியரோ உடனிருக்க, அனுமதி கேட்டு, திரை போட்டு, மார்பகத்தின் அடிமடிப்பு வரை பார்க்க வேண்டும். அங்கே சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அரிக்காது, அதனால் அவருக்கே தெரிந்திருக்காது. ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கும் மைட் என்ற நுண்ணிய உண்ணியின் கண்ணுக்குத் தெரியாத இளம்புழு கடித்த இடம் அது. இந்த நோயைத் தரும் ஓரியன்ஷியா, செல்லுக்குள்ளே குடியிருக்கும் கிருமி. செஃப்ட்ரியாக்ஸோன் தாக்கும் வகையான செல்சுவர் அதற்கு இல்லை, செல்லுக்குள் அந்த மருந்து சரியாக எட்டவும் எட்டாது. டாக்ஸிசைக்ளின் எட்டும். தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளைக்குள் காய்ச்சல் இறங்கும். ரவுண்டில் சீனியர் வந்ததும், எந்த நெறியைத் தொட்டீர்கள், அங்கிருந்து எப்படிப் பொருக்கைத் தேடினீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.